முடக்கத்தான்: மூட்டு வீக்கத்துக்கு எப்படி, எவ்வளவு, எதுவரை

பெயரே விளம்பரமாக அமைந்துவிட்ட கீரை இது. முடக்கு அறுத்தான், அதாவது கைகால் முடக்கத்தை அறுப்பவன் என்று பிரித்துப் பொருள் சொல்வார்கள். இலங்கையில் முடக்கொத்தான். மலையாளத்தில் உழிஞ்ஞ; கேரளத்தில் தசபுஷ்பம் எனப் போற்றப்படும் பத்துச் செடிகளில் இதுவும் ஒன்று. கோட்டையை முற்றுகையிடும் வீரர்கள் சூடியதாகப் புறத்திணை சொல்லும் உழிஞை இந்தக் கொடிதான் என்று கொள்வோர் உண்டு.

பெயர் இவ்வளவு வாக்குக் கொடுப்பதால் இரண்டு விதமான ஏமாற்றம் நடக்கிறது. ஒருவர் நாலு நாள் தோசை சாப்பிட்டுவிட்டு, ‘முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது’ என்று கீரையைக் கைவிடுகிறார். இன்னொருவர் மருத்துவர் கொடுத்த மாத்திரையைக் கைவிட்டுவிட்டுக் கீரையைப் பிடித்துக்கொள்கிறார். முதலாமவருக்கு நஷ்டம் நாலு தோசை. இரண்டாமவருக்கு விரல் மூட்டே போய்விடலாம்.

எந்த வலி என்று முதலில் பிரியுங்கள்

அழற்சி என்ற சொல்லுக்குள்ளேயே ‘அழல்’ இருக்கிறது. சூடு, சிவப்பு, வீக்கம், வலி நான்கும் சேர்ந்து வருவது அழற்சி. எல்லா மூட்டுவலியிலும் இந்த நான்கும் ஒரே அளவில் இருக்காது.

படியேறும்போது முழங்கால் வலிக்கிறது, உட்கார்ந்து எழுந்தால் சில நிமிடம் பிடித்துக்கொண்டு பிறகு இளகுகிறது, ஐம்பது வயதைத் தாண்டியாயிற்று என்றால் பெரும்பாலும் தேய்மான வாதம். முடக்கத்தான் எண்ணெயும் ஒத்தடமும் கொஞ்சம் இதம் தரக்கூடிய இடம் இதுதான்.

காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல்களும் ஒரே மாதிரி விறைத்து, அது இளக அரை மணி, ஒரு மணி நேரம் பிடிக்கிறது, சிறு மூட்டுகள் வீங்குகின்றன என்றால் முடக்கு வாதமாக இருக்கலாம். உடலின் நோயெதிர்ப்பே தன் மூட்டைத் தாக்கும் நோய் அது. மூட்டு அரிக்கப்பட்ட பிறகு எந்த மருந்தாலும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. முதல் சில மாதங்களிலேயே வாத நோய் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். அவர் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தை எழுதிக் கொடுத்திருந்தால் கீரைக்காக அதை நிறுத்தக் கூடாது.

இரவோடு இரவாகக் கால் கட்டைவிரல் வீங்கிப் போர்வை பட்டாலே துடிக்கிறது என்றால் யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாதம் என்று சந்தேகிக்கலாம். ஒரே மூட்டு சூடாக வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த இரண்டிலும் சூட்டு ஒத்தடம், எண்ணெய் தேய்ப்பு எதுவும் கூடாது.

ஆய்வுக்கூடம் காட்டியதும் காட்டாததும்

தாவரவியல் பெயர் கார்டியோஸ்பெர்மம் ஹாலிகாகாபம். பூந்திக்கொட்டையும் லிச்சியும் சேர்ந்த குடும்பம். இலையில் லூட்டியோலின், அபிஜெனின் வகைப் பிளேவனாய்டுகள், பீட்டா சிட்டோஸ்டெரால், டிரைடெர்பினாய்டுகள் ஆகிய தாவர வேதிப்பொருள்கள் இருக்கின்றன.

எலியின் பாதத்தில் கராஜீனன் என்ற பொருளைச் செலுத்தி வீங்கவைத்து, அந்த வீக்கத்தைச் செடியின் சாரம் எவ்வளவு குறைக்கிறது என்று அளப்பது பழைய, எளிய சோதனை. முடக்கத்தான் சாரம் அதில் வீக்கத்தைக் குறைத்திருக்கிறது. 2009இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் உள்ளே போய்ப் பார்த்தது. நோயெதிர்ப்புச் செல்களைக் கிருமி நச்சால் உசுப்பிவிட்டு, அவற்றின் மேல் செடியின் ஆல்கஹால் சாரத்தைச் சேர்த்தார்கள். வீக்கத்தைத் தூண்டும் காக்ஸ்-2, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்றவற்றின் உற்பத்தி குறைந்தது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் அடைப்பதும் காக்ஸ் வழியைத்தான். முடக்கு வாதத்துக்கான விலை உயர்ந்த ஊசிகள் சில குறிவைப்பதும் டிஎன்எஃப்-ஆல்ஃபாவைத்தான். ஆக, பாட்டி சொன்னதில் விஷயம் இருக்கிறது.

ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எலிக்கு உடல் எடை கிலோவுக்கு 250 மில்லிகிராம் சாரம் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். எலி அளவை மனித அளவுக்கு மாற்ற வழக்கமாக 6.2ஆல் வகுப்பார்கள், கிலோவுக்கு ஏறத்தாழ 40 மில்லிகிராம் வரும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 2.4 கிராம் சாரம். பத்து கிராம் காய்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் சாரம் இறங்கும் என்றால் 24 கிராம் காய்ந்த இலை வேண்டும். பச்சை இலையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்று எடுத்தால் 120 கிராம் பச்சை இலை, அதுவும் தினமும். கீழே சொல்லும் பக்குவத்தில் மூன்று தோசைக்குள் போவது சுமார் 25 கிராம்தான். ஐந்தில் ஒரு பங்கு. போதாதற்கு ஆல்கஹாலில் இறங்குவதெல்லாம் தோசைக்கல்லில் இறங்காது.

அப்படியானால் 120 கிராமையும் சாப்பிட்டுவிடலாமே என்று கிளம்ப வேண்டாம். இந்தக் கீரை மலமிளக்கியும்கூட. மூட்டு இளகுவதற்கு முன்னால் வயிறு இளகிவிடும். இதை உணவாகச் சாப்பிடுங்கள், மேற்பூச்சாகப் பயன்படுத்துங்கள். மருந்தின் இடத்தில் உட்காரவைக்காதீர்கள்.

கொடியை அடையாளம் காண்பது

மழைக்குப் பிறகு வேலி, புதர், தரிசு எங்கும் தானாகப் படரும். தண்டு மெல்லியது, பசுமையானது, நரம்புநரம்பாக வரிகள் ஓடும். ஒவ்வொரு இலையும் மூன்றாகப் பிரிந்து, அந்த மூன்றும் மறுபடி மும்மூன்றாகப் பிரிந்திருக்கும். விளிம்பு ஆழமான பல் பல்லாக இருக்கும். பூ வெள்ளை, மிகச் சிறியது. பூக்காம்பிலிருந்து கிளம்பும் சுருள் பற்றுக்கம்பிகளால்தான் கொடி ஏறுகிறது.

சந்தேகமே இல்லாமல் காட்டிக்கொடுப்பது காய். காற்றடைத்த காகிதப் பை மாதிரி, மூன்று பக்கமும் புடைத்திருக்கும். பிள்ளைகள் நெற்றியில் தட்டி ‘பட்’டென்று உடைப்பார்கள். உள்ளே மூன்று அறை, அறைக்கொரு விதை. முற்றிய விதை மிளகளவு, கறுப்பு. அதில் ஒரு பக்கம் வெள்ளையாக இதய வடிவப் பொட்டு, அச்சடித்தது போல இருக்கும். தாவரவியல் பெயரின் முன்பாதிக்கு ‘இதய விதை’ என்றே பொருள்.

குழப்பிக்கொள்ளக் கூடியவை மூன்று. சொடக்குத் தக்காளிக்கும் பை போன்ற காய் உண்டு, ஆனால் அது படராது, பைக்குள் பழம் இருக்கும். முசுமுசுக்கையின் இலை தொட்டாலே சொரசொரக்கும்; முடக்கத்தான் இலை மென்மையானது. கொத்தான் என்பது இலையே இல்லாத நூல் போன்ற ஒட்டுண்ணிக் கொடி. முடக்கொத்தானோடு அதற்குப் பெயரில் மட்டும்தான் உறவு.

சந்தைக் கட்டில் வேறு கொடிகளும் கலந்து வருவது சாதாரணம். கட்டைப் பிரித்து, பற்றுக்கம்பியும் ஒன்றிரண்டு பையும் உள்ள கொடிகளை மட்டும் எடுங்கள். தெரியாத கொடி எதுவாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

பறிப்பது, ஆய்வது, கழுவுவது

காய் முற்றுவதற்கு முந்தைய இளம் இலைதான் சமையலுக்கு நல்லது. முற்றிய இலையில் கசப்பும் நாரும் கூடுதல். சாலையோரம், சாக்கடை ஓரம், பூச்சிமருந்து தெளித்த வயலின் வரப்பு ஆகிய மூன்று இடங்களிலும் பறிக்க வேண்டாம்.

வாங்கிவரும் கட்டில் பாதி எடை தண்டுதான். இலையையும் நுனித்தளிரையும் மட்டும் கிள்ளி எடுங்கள். காயையும் விதையையும் நீக்கிவிடுங்கள். இந்தக் குடும்பத்து விதை எண்ணெயில் சயனைடு சேர்ந்த கொழுப்புப் பொருள் இருக்கிறது, அரைத்து உண்ணத் தக்கதல்ல. ஆய்ந்த இலையை உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். கீரையைத் தண்ணீரிலிருந்து அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தோடு கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடி இலை மேலேயே விழும்.

இறுக்கமாக அள்ளினால் ஒரு கைப்பிடி ஏறத்தாழ 25 கிராம். இனி வரும் அளவெல்லாம் இந்தக் கணக்கில்.

தோசை

இட்லி அரிசி 400 கிராம், உளுந்து 50 கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, முடக்கத்தான் இலை 100 கிராம் (நாலு கைப்பிடி), உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி. கனமான தோசை 12 முதல் 14 வரை வரும்.

அரிசி, உளுந்து, வெந்தயத்தைச் சேர்த்தே நாலு மணி நேரம் ஊறவையுங்கள். முதலில் இலையை மட்டும் அரை டம்ளர் தண்ணீர் விட்டு விழுதாக அரைக்க வேண்டும். அரிசியோடு சேர்த்துப் போட்டால் அரிசி அரைபட்டுவிடும், இலை நார்நாராக நிற்கும். அந்த நார்தான் வாயில் கசப்பாகத் தட்டும். இலை விழுதை வழித்து வைத்துவிட்டு அரிசியை அரைத்து, இரண்டையும் உப்போடு கையால் கலந்து, ஆறிலிருந்து எட்டு மணி நேரம் புளிக்கவிடுங்கள்.

மாவைத் திறந்ததும் பச்சைப் புல் வாடை தூக்கலாக அடிக்கும். வேகும்போது போய்விடும். இரவு கிளிப்பச்சையாக இருந்த மாவு காலையில் பாசிப் பச்சையாக மங்கியிருப்பதைப் பார்த்துப் பலர் கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடுகிறார்கள். புளிப்பு ஏற ஏறப் பச்சையம் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். மேலே பூஞ்சை படர்ந்திருந்தாலோ அழுகல் வாடை அடித்தாலோ மட்டும் கொட்டுங்கள்.

கல் நன்றாகக் காய்ந்ததும் தீயைக் குறைத்து, ஊத்தப்பத்துக்கு ஊற்றுவது போலக் கொஞ்சம் தடிமனாக ஊற்றி, சுற்றிலும் நல்லெண்ணெய் விட்டு மூடி வேகவையுங்கள். மெல்லிசாக, முறுகலாக வார்த்தால் இலை கருகிக் கசப்பு மேலே வந்துவிடும். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னியைவிடப் பூண்டு மிளகாய்ப் பொடி இதற்குப் பொருத்தம்.

அவசரம் என்றால் ஏற்கெனவே புளித்த இட்லி மாவு நாலு கப்புக்கு இரண்டு கைப்பிடி இலையை அரைத்துக் கலந்து உடனே வார்க்கலாம். இதில் கசப்பு சற்றுத் தெரியும். புளிக்கும்போது இலையும் மாவோடு சேர்ந்து ஊறினால்தான் அது அடங்கும்.

வாரத்துக்கு இரண்டு நாள், வேளைக்கு மூன்று தோசை போதும். முதல் முறை சாப்பிடுபவர் ஒரு தோசையோடு நிறுத்திக்கொண்டு மறுநாள் வயிறு எப்படி இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. பேதி கண்டால் அளவைப் பாதியாக்குங்கள். வாதத்தை விரட்டுகிறது என்று அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு தொடர வேண்டாம்.

ரசமும் துவையலும்

ரசத்துக்கு ஒரு கைப்பிடி இலையை அரை லிட்டர் தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். அந்தத் தண்ணீரில் நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து, தக்காளி ஒன்று, மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டியும் பூண்டு ஐந்து பல்லும் சேர்த்துத் தட்டிப் போட்டு, பச்சை வாடை போனதும் ஒரு கப் பருப்புத் தண்ணீர் விட்டு, நுரை கட்டியதும் இறக்குங்கள். நாலு பேருக்கு வரும். இலையை ரசத்திலேயே போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் கசாயமாகிவிடும், வீட்டில் யாரும் தொடமாட்டார்கள். சளி பிடித்திருக்கும்போது தோசையைவிட ரசம் நன்றாக இறங்கும்.

துவையல் கசப்பை விரும்புகிறவர்களுக்கு. இரண்டு கைப்பிடி இலையை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுந்து, மிளகாய், புளி, உப்போடு அரைத்தால் சரி. பிள்ளைகளுக்கு வேண்டாம், ஒரு முறை முகம் சுளித்துவிட்டால் அப்புறம் தோசைக்கும் வரமாட்டார்கள்.

பொடி

மழைக்காலத்தில் மலிவாகக் கிடைக்கும்போது பொடித்து வைத்துக்கொள்ளலாம். கழுவிய இலையைத் துணியில் பரப்பி நிழலில், காற்றோட்டத்தில் நாலிலிருந்து ஆறு நாள் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் பழுப்பாகி மணமும் போய்விடும். கையில் எடுத்து நொறுக்கினால் அப்பளம் போல் உடைய வேண்டும். இலை காய்ந்து காம்பில் ஈரம் நின்றிருந்தால் டப்பாவுக்குள் பத்தே நாளில் பூஞ்சை கட்டும். ஆகவே காம்பை ஒடித்துப் பாருங்கள். வளைந்தால் இன்னும் காயவில்லை. ஒரு கிலோ ஆய்ந்த இலைக்கு 150 முதல் 200 கிராம் பொடி கிடைக்கும். காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் மூன்று மாதம் இருக்கும்.

பச்சை இலை நாலு கைப்பிடிக்கு ஈடு, இரண்டு மேசைக்கரண்டி பொடி. ரசத்தில், அடை மாவில், சப்பாத்தி மாவில் சேர்க்கலாம். தேனில் குழைத்துத் தினமும் விழுங்குவது மருந்து முறை. அதைச் சித்த மருத்துவர் நாடி பார்த்து, அளவும் நாளும் குறித்துக் கொடுத்தால் மட்டும் செய்யுங்கள்.

கடைப்பொடி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூலிகை மூட்டுவலிப் பொடி என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்கும் மோசடி நெடுங்காலமாக நடந்துவருகிறது. எந்தக் கீரையும் இரண்டே நாளில் வலியை முழுக்க நிறுத்தாது. அப்படி நிறுத்தினால், கூடவே பசி எடுத்து, முகம் ஊதி, சர்க்கரை ஏறினால், பொடியோடு மருத்துவரிடம் போங்கள். பல வாரம் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. உற்பத்தி உரிம எண்ணும் தொகுதி எண்ணும் இல்லாத பொட்டலத்தை வாங்கவே வேண்டாம்.

எண்ணெய் காய்ச்சுவது

இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், ஆகவே நிதானமாகப் பார்ப்போம்.

ஆய்ந்த இலை 250 கிராம், செக்கு நல்லெண்ணெய் 500 மில்லி. பாத்திரம் அடி கனமானதாகவும், எண்ணெய் அதன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறாத அளவுக்குப் பெரிதாகவும் இருக்க வேண்டும். இலையில் உள்ள தண்ணீர் கொதிக்கும்போது எண்ணெய் நுரைத்துப் பொங்கும்; சின்னப் பாத்திரத்தில் வைத்தால் வழிந்து தீப்பிடிக்கும். காய்ச்சி முடியும்வரை அடுப்பை விட்டு நகரக் கூடாது. ஒருவேளை தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்துத் தட்டத்தால் மூடிவிடுங்கள்.

கழுவிய இலையைத் துணியில் பரப்பி ஒரு மணி நேரம் ஈரம் உலர்த்திவிட்டு, தண்ணீர் விடாமல் அம்மியிலோ மிக்சியிலோ ஒன்றிரண்டாக அரையுங்கள். எண்ணெயை மிதமாகச் சுடவைத்து, அரைத்த இலையைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். பிறகு சிறுதீதான். தீயைக் கூட்டினால் இலை வெளியே கருகி உள்ளே ஈரம் தங்கிவிடும்.

முதல் இருபது நிமிடம் சடசடவென்ற சத்தமும் வெள்ளை நுரையும் இருக்கும். மரக்கரண்டியால் அடியைக் கிளறிக்கொண்டே இருங்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் சத்தம் தணிந்து, நுரை பெரிய குமிழிகளாக மாறி, எண்ணெய் தெளிந்து பச்சையாகும். இப்போது கரண்டி நுனியில் கசடைக் கொஞ்சம் எடுத்து, ஆறவிட்டு, விரலிடையில் உருட்டிப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் ஈரம் இருக்கிறது. ஒட்டாமல் மெழுகுபோலத் திரண்டால் அதுதான் மெழுகுப் பதம், உடனே இறக்கிவிடுங்கள். இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் கசடு நொறுங்கி மணல் பதத்துக்குப் போகும், எண்ணெயில் கருகல் வாடை ஏறும். திரண்ட கசடில் துளியைத் திரியில் வைத்துப் பற்றவைத்தால் இன்னொரு சோதனை: வெடிக்காமல் எரிந்தால் தண்ணீர் இல்லை.

கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியில் வடிகட்டுங்கள். துணியை முறுக்கிப் பிழிந்தால் மண்டியும் கூடவே இறங்கும். மெல்ல அழுத்தினால் போதும். ஓரிரவு தெளியவிட்டு, மேலெண்ணெயை மட்டும் ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றி இருட்டில் வையுங்கள். ஆறு மாதம் இருக்கும். புட்டியின் அடியில் நீர்த்துளி தெரிந்தாலோ, சிக்குவாடை அடித்தாலோ, மேலே வெள்ளையாகப் படலம் மிதந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான். மறுபடி காய்ச்சி மீட்க முயலாதீர்கள்.

முதல் நாள் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தேய்த்து 24 மணி நேரம் பாருங்கள். அரிப்பும் தடிப்பும் இல்லையென்றால் ஒரு தேக்கரண்டி எண்ணெயை வெதுவெதுப்பாக்கி, மூட்டின் மேலும் கீழும் உள்ள தசையில் பத்து நிமிடம் மெல்லத் தேய்க்கலாம். முழங்கால் என்றால் தொடையின் முன்தசைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மூட்டைத் தாங்குவது அதுதான். புண், வெடிப்பு, சிரங்கு உள்ள இடத்தில் வேண்டாம். தேய்த்த காலோடு குளியலறைக்குப் போகும் முன் உள்ளங்காலைத் துடையுங்கள். வயதானவர்களுக்கு மூட்டுவலியைவிட வழுக்கல் பெரிய எதிரி.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. பிளேவனாய்டுகள் இலையில் பெரும்பாலும் சர்க்கரையோடு பிணைந்து இருப்பதால் எண்ணெயில் அதிகம் கரையாது. எண்ணெயில் இறங்குவது சிட்டோஸ்டெரால், டிரைடெர்பினாய்டு போன்ற கொழுப்பில் கரையும் பொருள்கள். இந்த எண்ணெய் தரும் இதத்தில் ஒரு பங்கு இலையுடையது, ஒரு பங்கு சூட்டுடையது, ஒரு பங்கு தேய்க்கும் கையுடையது. எந்தப் பங்கு பெரிது என்று பிரித்துக் கேட்டால் கைக்கே கூடுதலாகக் கொடுக்கலாம்.

ஒத்தடம்

இரண்டு கைப்பிடி இலையை ஒரு மேசைக்கரண்டி விளக்கெண்ணெயில் இரண்டு மூன்று நிமிடம் வதக்குங்கள். துவண்டால் போதும், மொறுமொறுப்பாகக் கூடாது. பருத்தித் துணியில் முடிந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்து, வலிக்கும் இடத்தில் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஆறினால் மறுபடி கல்லில் சூடாக்கலாம். ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை. அதே முடிச்சை மறுநாள் பயன்படுத்த வேண்டாம்.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு இது ஆகாது. சுடுவது தெரியாமலே கொப்புளித்துவிடும். கால் பிசகி இரண்டு நாள் ஆகவில்லை என்றாலும் சூடு வேண்டாம், துணியில் சுற்றிய பனிக்கட்டி போதும்.

யாருக்கு வேண்டாம்

கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். மாதவிலக்கைத் தூண்ட இந்த இலையை அரைத்து அடிவயிற்றில் பூசும் வழக்கம் நாட்டு மருத்துவத்தில் இருக்கிறது. அந்தக் காரணம் ஒன்றே போதும். பாலூட்டும் தாய்மார்களும் மருந்தளவில் எடுக்க வேண்டாம். குழந்தைக்கு வயிறு போகிறதா என்று பார்த்துக்கொண்டு எப்போதாவது ஒரு தோசை சாப்பிடலாம்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் எந்தக் கீரையையும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றும். எலிகளில் இந்த இலைச்சாரம் சர்க்கரையைக் குறைத்திருப்பதால், சர்க்கரை மாத்திரையோடு பொடியைத் தினமும் எடுப்பவர்கள் அளவைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களுக்குக் கல்லீரல் சோதனை அவ்வப்போது நடக்கும். பொடியோ கசாயமோ சேர்ந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஓயாத பேதி, குடல் அழற்சி உள்ளவர்களும் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

பலன் இருக்கிறதா என்று பார்ப்பது

தோசை, பொடி, எண்ணெய் மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது கேட்டது, எது வயிற்றைக் கலக்கியது என்று தெரியாது. முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் வலியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: காலையில் விறைப்பு இளக எத்தனை நிமிடம், பத்துக்கு வலி எத்தனை, அன்றைக்கு வலி மாத்திரை போட்டீர்களா. காலண்டர் தாளின் மூலையில் மூன்று எண் எழுதினால் போதும். அடுத்த நாலு வாரம் எண்ணெய் மட்டும். அதற்கடுத்த நாலு வாரம் தோசையும் ரசமும் சேருங்கள்.

மூட்டுவலி தானாகவே ஏறி இறங்கும் நோய். ஏறியிருக்கும்போதுதான் மருந்து தேடுவோம். அது இறங்கும்போது கையில் இருந்த மருந்துக்குப் பெயர் போய்விடும். முதல் இரண்டு வார எண்கள் இருந்தால் இந்த மயக்கம் குறையும். பத்துக்கு ஏழாக இருந்த வலி ஆறாகக் குறைவது சாதாரண ஏற்ற இறக்கம். நாலுக்கு வந்து மூன்று வாரம் அங்கேயே நின்றால் தொடரலாம். நாலு வாரத்தில் எண் அசையவில்லை என்றால் எண்ணெயை நிறுத்திவிடுங்கள், தோசை பிடித்திருந்தால் தோசைக்காகவே சாப்பிடுங்கள். இடையில் புதிதாக ஒரு மூட்டு வீங்கினாலோ, விறைப்பு நிமிடங்கள் கூடிக்கொண்டே போனாலோ, அந்தக் காலண்டர் தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். முதல் கேள்வியாக அவர் கேட்கப்போவது அந்த எண்களைத்தான்.